உடலுக்குரிய பங்கு எங்கே?

உழைத்தால் உடம்பு உரம்பெறும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஏர் பிடித்தவர் தோளும் வலை இழுத்தவர் கையும் அதற்குச் சான்றாக நம் கண்முன் நின்றன. இன்று உழைப்பின் இலக்கணமே மாறிவிட்டது. காலை ஒன்பது மணிக்குத் தம் வீட்டு அறையில் கணிப்பொறியின் முன் அமர்ந்து இரவு ஒன்பது மணிக்கு எழும் இளைஞரை உழைக்காதவர் என்று எவரும் சொல்ல முடியாது. மூளை களைக்கிறது, கண் எரிகிறது, முதுகு நோகிறது, மாத இறுதியில் ஊதியமும் வருகிறது. ஆயினும் அவ்வுழைப்பால் உடம்பு உரம்பெறக் காணோம். உழைக்க உழைக்க உடல் தளரும் இந்த முரண்பாட்டை மாணவரும் பெற்றோரும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்னும் ஆர்வமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

நாம் வாழும் அரியாங்குப்பம் புதுவை நகருக்குத் தெற்கே கடலூர்ச் சாலையில் அமைந்த ஊர். சங்கராபரணி ஆறு கடலை நெருங்குகையில் இரு கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளை நம் ஊரின் பெயரையே தாங்கி அரியாங்குப்பம் ஆறு எனப்படுகிறது; மற்றொன்று சுண்ணாம்பாறு. கிழக்கே வீராம்பட்டினக் கடல். நடப்பதற்கு இயற்கை இத்தனை வழி வைத்திருக்கும் இவ்வூருக்கு, 2020 மார்ச் 25இல் நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கிய நாள்களை ஒட்டி, சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரிந்த பிள்ளைகள் மடிக்கணிப்பொறியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினர். சில வாரங்களில் மீண்டும் சென்றுவிடலாம் என்றே பலரும் எண்ணினர். ஊரடங்கு விலகிற்று, வேலை வீட்டை விட்டு விலகவில்லை. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 43ஏ என்னும் புதுவிதி சேர்க்கப்பட்டு, அம்மண்டல நிறுவனங்களின் பணியாளர் வீட்டிலிருந்து பணிசெய்வதற்கும் இடமளிக்கப்பட்டது. பின்னர்ச் சிலரை நிறுவனங்கள் திரும்ப அழைத்துக்கொண்டன. சிலர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் செல்கின்றனர். சிலருக்கு வீடே நிலையான பணியிடமாகிவிட்டது.

தமிழிலக்கியம் பயிலும் மாணவர்க்கு இதனால் என்ன என்று வினவுவாரும் உளர். மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், திரைப்படங்களுக்குத் துணைவரி எழுதுதல், இணையவழிப் பாடம் நடத்துதல் என இன்று தமிழ் படித்தவர்க்கு வரும் வேலைகளுட் பல வீட்டு மேசைக்கே வந்து சேர்கின்றன. ஆகவே இது பொறியியல் பட்டதாரியின் கவலை மட்டும் என்று ஒதுக்கிவிட இயலாது.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சென்னையில் பணியிலிருந்த காலத்தில் அவர் தங்கிய அறைக்கும் தொடர்வண்டி நிலையத்துக்கும் இடையே பத்து நிமிட நடை. நிலையத்தில் மேம்பாலப் படிகள். இறங்கியபின் மீண்டும் நடை. அலுவலகத்தில் உணவுக்கூடம் ஒரு தளம், பணியிடம் மற்றொரு தளம். இவற்றையெல்லாம் அவர் உடற்பயிற்சி என்று ஒருநாளும் கருதியதில்லை. அலைச்சல் என்றே வெறுத்தார். வீடு திரும்பியதும் அந்த அலைச்சல் நின்றது. படுக்கைக்கும் மேசைக்கும் உள்ள தொலைவு பதினைந்து அடி. தாயார் பாசத்தோடு தேநீரையும் சிற்றுண்டியையும் மேசைக்கே கொண்டுவந்து கொடுத்தார். முறுக்குத் தகரக்குவளை கணிப்பொறிக்கு வலப்புறத்தில் நிரந்தர இடம் பெற்றது. இரண்டாண்டுகளுக்குப் பின் ஒரு மருத்துவப் பரிசோதனையில், இருபத்தொன்பது வயதில், இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருப்பது தெரியவந்தது. நம்மைக் கண்டபோது அவர் சொன்ன சொல் இன்னும் காதில் ஒலிக்கிறது: "ஐயா, நான் எங்கும் சுற்றவில்லை, கண்டதைத் தின்னவில்லை, வீட்டில்தானே இருந்தேன்!"

வீட்டில் இருந்ததே காரணம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அவர் நிலையைத் தனியொருவரின் கவனக்குறைவு என்று கொள்வது பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடு தழுவி நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மாநிலந்தோறும் சோதித்த ஆய்வு அது. இந்தியாவில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு என்று அது கணக்கிட்டது. மாநில வரிசையில் முதலிடம் கோவாவுக்கு, 26.4 விழுக்காடு. இரண்டாமிடம் நம் புதுச்சேரிக்கு, 26.3 விழுக்காடு. நூலிழையில் முதலிடத்தைத் தவறவிட்டிருக்கிறோம்! நான்கு பேர் கூடி நின்றால் அவருள் ஒருவர் நீரிழிவுடையார் என்னும் மண்ணில்தான் நம் பிள்ளைகள் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிகின்றனர். நீரிழிவுக்குக் காரணம் பல. பரம்பரை உண்டு, உணவு உண்டு, வயது உண்டு. இவற்றுள் பரம்பரையும் வயதும் நம் கையில் இல்லை. அசைவு நம் கையில் இருக்கிறது.

அமர்ந்து செய்யும் தொழில் நம் மண்ணுக்குப் புதிதன்று என்று ஒரு வாதம் எழலாம். நம் ஊரை ஒட்டிய அரிக்கமேட்டை அகழ்ந்து 1945இல் மார்ட்டிமர் வீலர் உரோமானியத் தொடர்பை உலகுக்குக் காட்டினார். அங்கே கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்து துளையிட்ட கைவினைஞர் வாழ்ந்தனர். அவர்களும் அமர்ந்தே பணிசெய்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் குடிநீருக்கு நடந்தனர், சந்தைக்கு நடந்தனர், விறகு சுமந்தனர். தறிக்குழியில் அமரும் நெசவாளருங்கூட இரு கால்களாலும் மிதிக்கிறார், இரு கைகளாலும் ஓட்டுகிறார். தொழிலில் உடல் ஓய்ந்திருந்த நேரத்தை வாழ்க்கை ஈடுசெய்தது. இன்று தொழிலும் அமர்ந்தே. நீர் குழாயில் வருகிறது. காய்கறி கைப்பேசியில் அழைத்தால் வாயிலில் வருகிறது. கேளிக்கையும் மற்றொரு திரையில். ஈடுசெய்ய எதுவும் மீதமில்லை.

மேலை நாட்டார் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டனர். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ இராமசினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். அதன் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் சுரங்கத் தொழிலாளர், குயவர் ஆகியோரோடு எழுத்தரையும் சேர்த்தார். ஓயாது அமர்ந்திருத்தல், ஒரே வகையாகக் கையை இயக்குதல், பிழை நேராமல் காக்கும் மனவழுத்தம் என்று எழுத்தர் நோய்க்கு அவர் கண்ட காரணங்களைப் படிப்பவர், அவர் கணிப்பொறியைக் கனவில் கண்டாரோ என்று வியப்பர். பின்னர் 1953இல் இலண்டன் மாநகரில் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வினை வெளியிட்டார். அந்நகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க ஒருநாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்குகிறார். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே வண்டி, ஏறத்தாழ ஒரே ஊதியம். மாரடைப்போ நடத்துநரைக் காட்டிலும் ஓட்டுநருக்கே மிகுதி. அவ்வாறே தெருத்தெருவாய் நடந்த அஞ்சற்காரரைவிட மேசையில் அமர்ந்த எழுத்தர்க்கு மிகுதி. நம் மாணவர் சென்னையில் நடத்துநராக இருந்தார். அரியாங்குப்பத்துக்கு வந்து ஓட்டுநராகிவிட்டார் என்று சொன்னால் பொருந்தும்.

அமர்ந்திருக்கும்போது உடலினுள் நிகழ்வதைச் சற்று அறிந்துகொள்ளுதல் நலம். உடலின் மிகப்பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் உள்ளன. உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்ததும் அதனை வாங்கிச் செலவிடும் பெரும்பண்டகசாலைகள் இத்தசைகளே. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அமர்ந்துவிட்டால் அப்பண்டகசாலையின் கதவு பாதி அடைபடுகிறது. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. கெண்டைக்கால் தசைக்கு மற்றொரு பணி உண்டு. காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேல்நோக்கி அழுத்தி அனுப்பும் ஏற்றம் போன்றது அது. மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்தவர்க்கு மாலையில் பாதம் வீங்குவது அந்த ஏற்றம் இறைக்காமையால்தான். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2012இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், உடற்பருமன் மிக்க பத்தொன்பது பேரை அமரச்செய்து, இருபது நிமிடத்துக்கொருமுறை இரண்டே நிமிடம் மெல்ல நடக்கவைத்தனர். தொடர்ந்து அமர்ந்திருந்த நாளோடு ஒப்பிடுகையில், உணவுக்குப் பிந்தைய சர்க்கரையும் இன்சுலினும் தெளிவாகக் குறைந்தன. வேக நடை வேண்டியிருக்கவில்லை. மெல்லிய நடையே போதுமாயிற்று. எழுந்தார்கள் என்பதே செய்தி.

இதனால் நாம் துணிந்து சொல்வது ஒன்றுண்டு. வீட்டில் பணிசெய்வோர் உடற்பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், நாற்காலியிலிருந்து எழப் பழகவேண்டும். காலையில் ஒரு மணி நேரம் இரும்பு தூக்கிவிட்டுப் பின் பதினொரு மணி நேரம் அசையாதிருக்கும் இளைஞரை நாம் அறிவோம். ஒரு மணி நேரப் பயிற்சி வீணன்று. நாளொன்றுக்கு அறுபது முதல் எழுபத்தைந்து நிமிடம் வரை ஓரளவு விரைந்து இயங்குவோர்க்கு நெடுநேரம் அமர்வதன் தீங்கு பெரிதும் நீங்குவதாக, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் நாள்தோறும் தவறாமல் அவ்வளவு நேரம் ஒதுக்க நம்முள் எத்தனை பேரால் இயலும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை கேட்பது அதனினும் குறைவே: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, அமர்ந்திருக்கும் நேரத்தில் இயன்ற குறைப்பு. கணக்கிட்டுப் பார்த்தால் வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நடை. அதுவே நமக்குப் பெரும்பாடாக இருக்கிறது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடந்தே தீரவேண்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மனம் சோர்வோரும் உளர். அந்தப் பத்தாயிரம் மருத்துவர் வகுத்த எல்லை அன்று. 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற அடியளவிக் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. 2019இல் அமெரிக்க மூதாட்டியரிடையே நடந்த ஆய்வில் நாலாயிரத்துச் சொச்சம் அடிகளிலேயே பயன் தெரிந்தது. ஏழாயிரத்து ஐந்நூறை ஒட்டி அப்பயன் நிலைபெற்றுவிட்டது. ஆகவே எண்ணிக்கை குறைந்ததே என்று நடையையே கைவிடுவது அறியாமை.

வலுவூட்டும் பயிற்சிக்கு வெளிநாட்டு இயந்திரம் தேவையில்லை. தண்டாலும் பஸ்கியும் நம் பாட்டனார் காலத்தில் ஊர்தோறும் அறிந்தவை. கர்லாக்கட்டை சுழற்றும் மரபு புதுவையில் இன்றும் அறுபடவில்லை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் ஆண்டுதோறும் டிசம்பர் 2ஆம் நாள் தம் மைதானத்தில் நடத்தும் உடற்பயிற்சி நிகழ்ச்சியைப் பார்த்தவர்க்கு, நரை கண்ட பின்னும் உடல் எவ்வளவு இயங்கவல்லது என்பது விளங்கும். அவ்வளவு வேண்டாம். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து உண்டு, கையூன்றாமல் எழ முயன்று பாருங்கள். இளைஞர் பலர் மேசையைப் பிடித்தே எழுவதைக் காண்கிறோம். பிரேசில் மருத்துவர்கள் இதனையே ஒரு சோதனையாக்கி, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட இரண்டாயிரம் பேரிடம் செய்து, தரையிலிருந்து எழத் தடுமாறுவோர்க்கு இறப்பு வாய்ப்பு மிகுதி என்று 2012இல் எழுதினர். உணவுமேசை வாங்கியதைப் பெருமையாகக் கருதும் நாம், எழுந்து அமரும் பயிற்சியையும் அதனோடு விலைக்கு விற்றுவிட்டோம்.

மேசை, நாற்காலி பற்றியும் ஒரு சொல். மடிக்கணிப்பொறியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் கை வசதியாக இருந்தால் கழுத்து வளைகிறது. கழுத்து நிமிர்ந்தால் கை தொங்குகிறது. நான்கு தடித்த புத்தகங்களின்மேல் பொறியை ஏற்றிவைத்து, தனியே ஒரு விசைப்பலகை வாங்கிப் பொருத்துவதே எளிய தீர்வு. (பழைய அகராதித் தொகுதிகள் இதற்கு மிகவும் ஏற்றவை; அவற்றை அவ்வப்போது திறந்து பார்ப்பதற்கும் அது வழிசெய்யும்.) பாதம் தரையில் படியவேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவில் உள்ள பொருளை இருபது நொடி பார்க்கவேண்டும் என்று கண் மருத்துவர் சொல்வதும் நன்றே. திரையைப் பார்க்கையில் இமைக்க மறக்கிறோம். கண் வறள்வது அதனால். கட்டிலில் சாய்ந்துகொண்டு பணிசெய்வதை மட்டும் எவ்வகையிலும் ஏற்பதற்கில்லை.

இத்தகைய அறிவுரைகள் எல்லாம் எங்கும் கிடைப்பவை, கேட்போர்க்கும் பஞ்சமில்லை, செய்வோரே குறைவு. ஏன் செய்ய முடிவதில்லை என்று நம் மாணவரைக் கேட்டோம். "எப்போது எழுவது ஐயா? ஒரு கூட்டம் முடிந்தால் அடுத்த கூட்டம். இரவு பத்து மணிக்கும் குறுஞ்செய்தி வருகிறது. வீட்டில்தானே இருக்கிறாய், உடனே பார்த்தால் என்ன என்கிறார்கள்" என்றார். உண்மையான நோய் இங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு. உடலுக்குப் பயிற்சி தெரியாமல் இல்லை. உடலுக்கு நேரம் இல்லை.

இந்த இடத்தில் புதுவை மண்ணின் வரலாற்றை நினையாமல் இருக்க முடியவில்லை. நம் ஊரிலிருந்து நகருக்குச் செல்லும் கடலூர்ச் சாலையிலேயே 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை என்னும் ஆங்கிலோ பிரெஞ்சு நெசவாலை இருந்தது. 2020இல் அது மூடப்பட்டது. ஆலைச்சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டே பொழுதைக் கணித்த தலைமுறை நம் வீடுகளில் இன்றும் உண்டு. பிரெஞ்சியர் ஆட்சியில் இந்நகரின் ஆலைத் தொழிலாளர் நாளெல்லாம் உழைத்து நலிந்தனர். வேலை நேரத்துக்கு வரம்பு கேட்டு, வ. சுப்பையா முதலியோரின் வழிகாட்டலில் போராடினர். 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. பன்னிரண்டு தொழிலாளர் உயிர்நீத்தனர். அதன் பின்னர் வந்த தொழிற்சட்டங்களால் எட்டு மணி நேர வேலை இங்கே உரிமையாயிற்று. ஆசியாவிலேயே முதன்முதலாக என்று புதுவையார் பெருமையுடன் கூறிக்கொள்வர். ஆண்டுதோறும் ஜூலை 30இல் அத்தியாகிகளுக்கு மலரஞ்சலி செலுத்துகிறோம்.

பன்னிரண்டு உயிர் கொடுத்துப் பெற்ற எட்டு மணி நேரத்தை அவர்தம் பேரப்பிள்ளைகள் ஒரு குறுஞ்செய்திக்குப் பணிந்து விட்டுக்கொடுக்கின்றனர். யாரும் துப்பாக்கி காட்டவில்லை. வாயிலில் காவலன் இல்லை. ஆலைக்கு ஒரு மதில் இருந்தது. சங்கு ஊதியதும் மதிலுக்கு வெளியே வந்துவிடலாம். வீடே ஆலையானால் எங்கே வெளியேறுவது? ஒருகாலத்தில் நம்மை ஆண்ட பிரான்சு நாடு, ஐம்பதுக்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்கள், பணிநேரத்துக்குப் பின் மின்னஞ்சலுக்கு விடைதராதிருக்கும் உரிமை குறித்துப் பணியாளரோடு பேசித் தீர்மானிக்கவேண்டும் என்று 2017 ஜனவரி முதல் சட்டமாக்கியது. நம் நாடாளுமன்றத்திலும் சுப்ரியா சுலே இதே நோக்கில் 2018ஆம் ஆண்டின் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார், அது சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை சங்கை நாமே ஊதிக்கொள்ளவேண்டியதுதான். மாலையில் ஒரு நேரத்தைக் குறித்து, அந்நேரத்தில் பொறியை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள் என்று மாணவர்க்குச் சொல்கிறோம். மேசைமேல் இருந்தால் மீண்டும் திறக்கத் தோன்றும்.

எல்லோர்க்கும் அது இயலாது என்பதையும் அறிவோம். வேலை போய்விடுமோ என்னும் அச்சம் பொய்யன்று. குடும்பக் கடன், தங்கையின் படிப்பு, தந்தையின் மருத்துவச் செலவு எல்லாம் அந்த ஊதியத்தில்தான் நிற்கின்றன. அத்தகையோர் வேலை நேரத்துக்குள்ளேயே உடலுக்கு இடம் கண்டுகொள்ளவேண்டும். தொலைபேசியில் பேசும் கூட்டங்களை மொட்டைமாடியில் நடந்துகொண்டே கேட்கலாம். தண்ணீர்ச் செம்பை மேசையில் வைத்துக்கொள்ளாமல் சமையலறைக்கு எழுந்து சென்று குடிக்கலாம். பகலுணவு உண்டதும் தெருமுனைவரை பத்து நிமிடம் சென்றுவரலாம். சர்க்கரை ஏறும் வேளையில் நடப்பதே மிகுந்த பயன் தரும். இதில் தாய்மார்க்கு நம் வேண்டுகோள் ஒன்று. தேநீரை மேசைக்குக் கொண்டுசெல்லாதீர்கள். அழையுங்கள், பிள்ளை எழுந்து வரட்டும்.

பெண்மக்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதிக் கட்டுரையே. 2024இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்திய ஆடவருள் போதிய உடலியக்கம் இல்லாதோர் நூற்றுக்கு 42 பேர். பெண்டிருள் 57 பேர். வீட்டிலிருந்து பணிசெய்யும் பெண்ணுக்கு இரண்டு வேலை. கணிப்பொறியை மூடினால் அடுப்பு. அடுப்பை அணைத்தால் கணிப்பொறி. அடுக்களையில் நிற்பதே உடற்பயிற்சியாயிற்றே என்று ஆடவர் சிலர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. ஓரிடத்தில் நின்றபடி இரண்டு மணி நேரம் சமைப்பது கால்வலியைத் தரும். திறந்தவெளி நடை தரும் மூச்சையும் தெம்பையும் தராது. படித்த பெண்ணுக்கு வீட்டிலிருந்தே வேலை என்றால் நம் குடும்பங்களில் மகிழ்கிறோம். வெளியே அனுப்பவேண்டியதில்லை என்னும் நிம்மதி அதில் கலந்திருக்கிறது. சமுதாயப் பெரியோர் பொறுத்தருள்க. அந்த நிம்மதிக்கு விலை அவள் உடம்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. கல்லூரி நாள்களிலேனும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தாள், மாடிப்படி ஏறினாள், தோழியரோடு கை வீசிச் சென்றாள். இப்போது நாள்முழுதும் ஓர் அறை. காலை ஆறு மணிக்குப் பெண்கள் நால்வர் சேர்ந்து தெருவில் நடந்தால் அதனை இயல்பாகக் காணும் மனம் நமக்கு வேண்டும். தந்தையும் மகளும் சேர்ந்து நடப்பதில் என்ன குறை? அந்த வயதில் தந்தைக்கும் மருத்துவர் அதனையே எழுதிக்கொடுத்திருப்பார்.

நடக்க இடமெங்கே என்று கேட்போர்க்கும் விடை சொல்லவேண்டும். கடலூர்ச் சாலையில் நடப்பது அறிவுடைமை ஆகாது. பேருந்தும் சரக்குந்தும் இருசக்கர ஊர்தியும் நெருக்கும் அச்சாலையில், நடப்பவர்க்கென்று உரிய இடத்தை ஊராட்சியும் அரசும் அமைத்துத் தரவேண்டும் என்பது நெடுநாள் தேவை. ஆனால் கிழக்கே திரும்பிக் காக்காயன்தோப்பு வழியாக வீராம்பட்டினம் செல்லும் பாதை நமக்கு உண்டு. வழியில் அரிக்கமேடு. மரநிழலும் ஆற்றுக்காற்றும் கலந்த அந்த நடையில் ஈராயிரம் ஆண்டு வரலாறு காலடியில் கிடக்கிறது. சித்திரை வைகாசி வெயிலில் ஏழு மணிக்குமுன் முடித்துவிடவேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் மாடிப்படியே துணை. கல்லூரிகளும் தம் விளையாட்டுத் திடலை மாலை இரண்டு மணி நேரம் பழைய மாணவர்க்கும் சுற்றுப்புறத்தார்க்கும் திறந்துவிட்டால் பெரும் உதவியாகும். பெண்களுக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கினால் இன்னும் நன்று. திடல் பகல் நான்கு மணிக்குப் பின் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க நிதி எதுவும் தேவைப்படாது.

நம் மாணவரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். இப்போது மாலை ஆறரை மணிக்குப் பொறியை மூடிவிட்டுத் தம் தந்தையாரோடு வீராம்பட்டினக் கடற்கரைவரை நடந்து வருகிறார். ஆறு மாதத்தில் இடுப்புவார் இரண்டு துளை உள்ளே சென்றிருக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டைவிட்டுச் சற்றுப் பின்வாங்கியிருக்கிறது. கழுத்துவலி மட்டும் முற்றிலும் தீரவில்லை. சென்ற வாரம் அவரோடு நாமும் நடந்தபோது கைப்பேசி ஒலித்தது. மேலாளர். "கடற்கரையில் இருக்கிறேன் சார், காலை ஒன்பது மணிக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சற்றுநேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "முதல்முறை சொன்னபோது கை நடுங்கியது ஐயா" என்றார்.